போர்க்களத்தில் சொன்ன பெயர்

ஸ்காபரோ
16 ஒக்ரோபர் 2024

அன்புள்ள எமில்டா மச்சாளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதேங்கோ. உங்கள் தம்பி யூட்சனும் மகன் அன்ட்ரூவும் இப்போதுதான் நித்திரையானார்கள். போனில் கதைத்தால் அவருக்குக் கேட்கும், அதனால்தான் ஈமெயில். மன்னாரில் மழை தொடங்கிவிட்டதா? உங்கள் முழங்கால் நோ எப்படி?

லோங் வீக்கெண்டுக்கு எல்லை தாண்டி வெர்மொன்ற் மலைப்பக்கம் போனோம். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டவள் நான்தான். வழியில் ஒரு போர்க்களம், அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை நடந்த இடம். யூட்சன் இறங்கமாட்டேன் என்றார். "சண்டை பாக்கவும் ரிக்கற்றோ? எனக்கு ஓசியிலயே காட்டினவங்கள்" என்று பகிடி வேறு. அன்ட்ரூவுக்கு வோஷ்ரூம் அவசரம், அதனால் மூவரும் உள்ளே போனோம்.

மியூசியம் என்பது ஒரே ஒரு அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈயக் குண்டுகள், கறுத்த பொத்தான்கள், ஒற்றைச் சப்பாத்தின் கொளுக்கி. தோற்றவர்கள் தங்கள் ஆட்களைப் புதைக்க நேரமில்லாமல் ஓடினார்கள், வருஷங்கள் கழித்து ஊர்ச்சனம்தான் எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் செய்தது என்று அங்கே நின்ற பெண் சொன்னாள். யூட்சன் பாதியில் வெளியே போய்விட்டார்.

பின்னால் போனோம். மலைகளுக்கு நடுவே புல்வெளி, அந்தப் பெயரில்லாதவர்களுக்கு ஒரு கல். காற்று அசையவில்லை. ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்குப் புல் படிந்து கிடந்தது. பழக்கத்தில் சிலுவை போட்டு, மரித்தவர்களுக்கான செபத்தைச் சொன்னேன். முடிவில் அன்ட்ரூ, "பஸ்ரியன் சித்தப்பா" என்று சேர்த்துவிட்டான். வீட்டில் இரவுச் செபத்தை அப்படித்தான் முடிப்போம், அவர் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று. எந்தச் செபம் யாருக்கு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் யூட்சன் "ஆமென்" என்றார்.

காணாமல் போன தம்பிக்கு அவர் ஏன் அங்கே ஆமென் சொன்னார், மச்சாள்?

திரும்பி வரும்போது பின் சீற்றிலிருந்து அன்ட்ரூ, "அம்மா, சித்தப்பா சீற் பெல்ற் போடேல்ல" என்றான். அவன் பக்கத்தில் எங்கள் ஜாக்கெற்றுகள்தான் கிடந்தன. "எந்தச் சித்தப்பா குஞ்சு?" என்று கேட்டேன். "புளூ சேட். பொக்கெற் கிழிஞ்சிருக்கு. ஹீ இஸ் கோல்ட், அம்மா."

யூட்சன் காரைத் தெருக்கரையில் நிறுத்தினார். ஜாக்கெற்றுகளை எடுத்து டிக்கிக்குள் போட்டுவிட்டு ஓட்டினார். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒன்றும் வைக்க விடுகிறாரில்லை. நேற்று மரக்கறிப் பைகளை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்ட்ரூ இரவுச் செபத்தில் பெயர் சொல்வதையும் விட்டுவிட்டான். "அவர்தான் வந்திட்டாரே" என்கிறான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. நூறு தரம் தொட்டுப் பார்த்துவிட்டேன். டொக்ரரிடம் போனால் என்னவென்று சொல்வது? பஸ்ரியனிடம் அப்படி ஒரு சேட் இருந்ததா?

அன்புடன்,
நதீஷா


மன்னார்
19 ஒக்ரோபர் 2024

அன்புள்ள நதீஷா,

இங்கே மழை. முழங்கால் இருந்தபடிதான். ஊர் பார்க்கப் போன இடத்தில் பிள்ளைக்குச் செத்தவர்களின் இடங்களைக் காட்டலாமோ? வெளிநாட்டில் படித்த பிள்ளை நீர்.

பஸ்ரியனின் பெயரை மாதம் தவறாமல் உயிரோடு இருப்பவர்களுக்கான பூசைக்குத்தான் கொடுக்கிறேன். "மரித்த ஆத்துமாக்களின் பக்கம் எழுதட்டோ, ரீச்சர்?" என்று ஃபாதர் போன வருஷம் கேட்டார். எழும்பி வந்துவிட்டேன். சனநெரிசலில் கை விட்டுப்போச்சு என்று யூட்சன் மாதா சுரூபத்தில் கைவைத்துச் சொன்னவன். ஆமென் என்றது வாய்ப் பழக்கம்.

ஆனால் சேட் விசயம் ஆர் சொன்னது? கடைசிச் சண்டையில் மாத்தளனில் நாங்கள் பிரிந்த அன்று பஸ்ரியனுக்கு நான் போட்டுவிட்டது யூட்சனின் நீலச் சேட். முள்ளுக்கம்பியில் பொக்கெற் கிழிந்தது. தைத்துவிட என்னிடம் ஊசி இருக்கவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. யூட்சன் பிள்ளையிடம் சொன்னானோ? கேட்டு எழுதும்.

எமில்டா


ஸ்காபரோ
27 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சாள்,

கேட்டேன். பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எப்படி மாற்றி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"கை விடேல்ல, நதீ. நான் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினனான். ஒரு இடத்தில அவன் பாரமாப் போனான். பங்கர் வாசலில கிடத்தி, அவன்ர சேட்டைக் கழட்டி முகத்தை மூடிப்போட்டு ஓடினனான். மண் போட நேரமில்லை. அங்கால அக்கா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, தம்பி எங்கையடா எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கோ. அவரைத் திட்ட வேண்டாம். போன் எடுக்க அவருக்குத் தைரியமில்லை. வாற சனிக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள். மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறார். பஸ்ரியனின் பெயரை அக்கா ஆத்துமாக்களின் பக்கம் மாற்றிக் கொடுக்காமல் கொளுத்தமாட்டாராம்.

இன்று பூசை முடிந்து வந்ததும் அன்ட்ரூ கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், வயதானவர்கள் இறங்கும்வரை நிற்பதுபோல. "வா குஞ்சு, குளிருது" என்றேன்.

"அவர் இறங்கமாட்டாராம் அம்மா. அக்கா சொன்னாத்தான் போவாராம்."

அன்ட்ரூவுக்கு அக்கா இல்லை. உங்களை அவன் மாமி என்றுதான் சொல்வான்.

கார்க் கதவை நான் இன்னும் சாத்தவில்லை, மச்சாள். கெதியாய்ப் பதில் போடுங்கோ.

நதீஷா