முழங்காலுக்கு வீட்டில் ஒரு பெயர்

நவம்பர் 3

நேற்று ஒலிப்பதிவு. தலைப்பாகை கட்டி, அத்தர் பூசி, இடுப்பில் வெள்ளிப்பிடி குத்துவாளும் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் துஃபூல் சிரித்தேவிட்டாள். "பாபா, இது குரலை மட்டும்தான் பிடிக்கும்!"

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஆய்வு. அரபு, எபிரேயம், எங்கள் ஊர்ப் பேச்சான மஹ்ரி எல்லாவற்றுக்கும் தாயான அந்தப் பழைய மொழியில் கண், காது, ஈரலை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? இன்றைய சொற்களை வரிசையாக அடுக்கிக் கண்டுபிடிப்பாளாம். மஹ்ரி வரிசைக்கு நான்தான் ஆதாரம் — ஆறாம் வகுப்பு, தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்! மஸ்கட் வந்தபின் பிள்ளைகளிடம் அரபுதான். மஹ்ரி, நானும் மனைவி பகீதாவும் சண்டை போட மட்டும். அதனால் துஃபூலுக்கு வசவுகள் தெரியும், உறுப்புகள் தெரியாது.

நாற்பது சொல். தடுமாறாமல் சொன்னேன்.

நவம்பர் 9

துஃபூல் சாப்பிடவில்லை. பேராசிரியர் சொல்லிவிட்டாராம்: "உங்க மஹ்ரி முழுக்க அரபாயிடுச்சும்மா. அந்த வரிசையை எடுத்துடு." அவள் ஆய்வில் புதிதாக இருப்பதே அந்த வரிசைதான்.

நவம்பர் 10

லாரிப் படியில் முழங்கால் மோதியது. "ஐயோ, என் பர்க்!" என்று அலறினேன். தைலத்தோடு ஓடி வந்த துஃபூல் அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க? அன்னிக்கு 'ருக்பா'ன்னீங்களே?"

"அது வீட்டுப் பேச்சும்மா. பல்கலைக்கழகத்துக்கு அதையெல்லாமா அனுப்புறது? நல்ல அரபா பார்த்துச் சொன்னேன்."

"அப்போ நாற்பதுமா?"

உள்ளேயிருந்து பகீதா: "விருந்தாளிக்கு நல்ல தட்டு எடுக்கிற மாதிரி, சொல்லையும் மாத்தி வெச்சிருக்காரு உங்கப்பா!"

துஃபூல் அழுகிறாளா, சிரிக்கிறாளா? விரல் விட்டு எண்ணினாள்: பாபிலோன் களிமண் பலகையில் பிர்கு. எபிரேயத்தில் பெரெக். எத்தியோப்பியாவின் பழைய வேத மொழியில் பெர்க். அரபு மட்டும்தான் புரட்டிப்போட்டு ருக்பா ஆக்கிக்கொண்டதாம்.

"நீங்க அலறினதுதான் பாபா பழசு!"

நவம்பர் 11

நாற்பதும் மறுபடி. தொப்புளுக்குக் கீழே உள்ளதைப் பகீதா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். நான் வெளியே லாரி கழுவினேன். காலையில் கழுவிய லாரி.

நவம்பர் 16

பேராசிரியர் ஒத்துக்கொண்டார். வரிசை நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 2

இன்று வாய்மொழித் தேர்வு. திரையில் மஹ்ரி வரிசைக்கு ஆதாரமாக என் பெயர்: சுஹைல் அல்-மஹ்ரி. பக்கத்தில் இருந்தவருக்கு மூன்று முறை காட்டினேன். அவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார். துஃபூல் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள் — என் மகள்! தேறிவிட்டாள்.

ஹல்வா சாப்பிடும்போது தேர்வாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு மொழியைக் கட்டிக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

"எல்லாம் பாபா குடுத்தது" என்றாள் துஃபூல், கண் நிறைய.

நான் ஹல்வாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். மஸ்கட் வந்த புதிதில், மூன்று வயதில் முற்றத்தில் விழுந்து, "பர்க், பர்க்" என்றுதான் அழுதாள். தூக்கி அணைத்து, "ருக்பான்னு சொல்லும்மா" என்று திருத்தியவன் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.