கட்டில் விற்றால் வரி உண்டா?

உடையார்பாளையம்
14.11.2006

அன்பு மகன் மணிமாறனுக்கு அப்பா எழுதுவது, நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன ஞாயிறு போனில், பழைய சாமானை இன்டர்நெட்டில் விற்றால் அமெரிக்காவில் வரி உண்டா என்று நான் கேட்டதும் சிரித்தாயே, பக்கத்தில் அம்மா நின்றதால் காரணம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். அடுத்த வீட்டுச் செல்லதுரை மகன் கலைச்செல்வன் அமெரிக்கா போதும் என்று தை மாதம் ஊரோடு வந்துவிடுகிறானாம், கட்டில், டிவி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் போட்டோ பிடித்து இன்டர்நெட்டில் போட்டு விற்கிறானாம். டீக்கடையில் செல்லதுரைக்குத் தினம் இதே பேச்சு. ஏன் மச்சான், ஒம் மவனும் அங்கதான இருக்கான், வித்த காசுக்கு வரி கட்டணுமான்னு தெரியுமா என்று என்னைக் கேட்டான். எட்டாவதோடு நின்றவன், தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், வயிற்றெரிச்சல் விட்டால்தானே. பாதிக்குப் பாதி வரி, கணக்குக் காட்டாம வித்தா பாஸ்போர்ட்டைப் புடுங்கிடுவான் என்று அடித்துவிட்டேன். கடையே என்னை ஆடிட்டர் மாதிரி பார்த்தது.

மறுநாள் அவன் சம்சாரம் செங்கமலம் வேலியோரம் நின்று அழுகிறது. ஒண்ணையும் விக்காத, கொஞ்ச நாள் அங்கயே இருன்னு புள்ளக்கிட்ட சொல்லிட்டாருண்ணே, அவனும் எதுக்கு வம்புன்னு டிக்கெட்டைத் தள்ளிப் போடுறானாம் என்றது. அதனால்தான் உன்னைக் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே போய் ஒப்பித்தேன். உபயோகித்த வீட்டுச் சாமானை வாங்கின விலைக்குக் குறைத்து விற்றால் வரி கிடையாது, அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது, கூட விற்றால் மட்டும் லாபத்தைக் காட்ட வேண்டும். அன்னிக்குப் பாதின்னியே மச்சான் என்றான் செல்லதுரை, அது பழைய சட்டம், இப்ப மாத்திட்டான் என்று சமாளித்தேன். வாங்கினதில் கால் விலைக்குத்தான் கட்டில் போகிறதாம், நஷ்டத்துக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை. செங்கமலம் உடனே கேசரி கிண்டி முந்திரியை அள்ளிப் போட்டுக் கொடுத்தது, நல்ல கேசரிதான். இந்த வரிக் கவலை எனக்கு வரக் கூடாதா என்று இருந்தது. ஒங்க மணிமாறன் எப்பண்ணே விக்கப் போவுது என்று வேறு கேட்டது. அவன் ஏம்மா விக்கிறான், இப்பத்தான் பெரிய சோபா வாங்கியிருக்கான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காதை மூடாமல் பனியில் போகாதே, உனக்குச் சின்னதிலிருந்தே சளி. நான் டீக்கடையில் சொன்ன சட்டத்தை அம்மாவிடம் உளறிவிடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நீண்ட ஆயுளோடு இரு. சோபா வாங்கினதை நீ அதே போனில் சொன்னபோது நல்லதுப்பா என்று மட்டும் சொன்னேன். அதை என்ன விலைக்கு வித்தாலும் நஷ்டந்தான், வரி கிடையாது, வித்துட்டு வந்துடுடா என்பது வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

உன் அப்பா,
அய்யாக்கண்ணு