நீட்டுக் காரும் என் அண்டாவும்

வெள்ளிக்கிழமை.

போன வாரம் சின்ன கார்ல சாம்பார் கவுந்து ஒரு கல்யாண ஆர்டர் போச்சு. அதனால இன்னிக்கு கிள்ளான் டவுன்ல பழைய கார் கடைக்கு என் பெரிய அண்டாவையே தூக்கிட்டுப் போனேன். பின்பக்கம் நீளமா இருந்த ஒரு கார்ல அண்டா மூடியோட நிமிர்ந்து உட்கார்ந்துச்சு.

"ஆன்டி, இது லோரி இல்ல லா"ன்னார் கடைக்காரர்.

எஞ்சின் மேல இருக்கிற பானட்டைத் தொட்டேன். சில்லுனு இருந்துச்சு, முன்னாடியே சூடு பண்ணி வச்சு ஏமாத்தல. ஒரே திருப்புல எஞ்சின் கிளம்புச்சு.

கூட வந்த அண்ணன் மூஞ்சியைச் சுளிச்சான். "பொண வண்டி மாதிரி இருக்கு. இதுல வர்ற சோத்தை எவன் தின்பான்?"

"அண்டா மூடியைத் தொறந்தேன்னா பொணமே எழுந்து இலை போடச் சொல்லும்"னேன்.

கடைக்காரர் சிரிச்சார். அண்ணன் விடுவிடுன்னு வெளிய போயிட்டான். போனாப் போகட்டும். அட்வான்ஸ் கட்டிட்டேன். அடுத்த மாசம் பிரிக்பீல்ட்ஸ் கல்யாணத்துக்கு அதுலதான் சாப்பாடு போகுது, ஓட்டப்போறதும் நான்தான்.