குடிலுக்கு விதைத்த கேப்பை

திண்டிவனம்,
டிசம்பர் 14

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா பொன்னி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் அப்பாவுக்குச் சளி, எனக்கு முட்டி வலி, ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல். மற்றபடி சுகம்தான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மடத்தில் போன் தரமாட்டார்கள் என்று தெரிந்தும், இங்கே போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். வடக்கத்திக் குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் மழை விடவில்லை. புயல் போய்விட்டதாம், டிவியில்தான் போயிருக்கிறது. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில் தொங்கி நாறுகிறது. மல்லாட்டை பயிரிட்ட கொல்லைகளில் தண்ணீர் நிற்பதால் அப்பாவுக்குக் கூலி வேலை இல்லை. கேரல் பாடக் கிளம்பியவர்கள் மழைக்குப் பயந்து எதிர்வீட்டோடு திரும்பிவிட்டார்கள். அவர்களுக்காகச் சுட்ட அதிரசத்தை நாங்களே தின்று தீர்த்தோம்.

கிறிஸ்துமஸ் குடில் கதையைக் கேள். குடிலுக்குப் புல் வரத் தட்டில் கேப்பை விதைப்பது எப்போதும் உன் வேலை. போன வருஷம் நான் பச்சைக் காகிதம் ஒட்டிச் சமாளித்தேன். அப்பாவுக்கு ரொம்பக் குறை. இந்த வருஷம், “நானே போடறேன், நீ கிட்ட வராத” என்று சொல்லி, மண் பரப்பி, கேப்பை தூவி, ஈரச்சாக்குப் போட்டு மூடினார். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். கோழி கிளறாமல் இருக்க நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு வாரமாயிற்று, ஒரு முளை இல்லை. “அதுக்கும் குளுருது போல” என்று தன் துண்டை வேறு போர்த்தினார். கஞ்சி மாவு அரைக்கலாம் என்று நான் டப்பாவைத் திறந்தால் கேப்பை பாதியைக் காணோம். மனுஷன் விதைத்தது நான் வறுத்து வைத்திருந்த கேப்பையை! எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து? நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு முனியம்மாள் அக்கா ஓடி வந்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. “அன்பு இருந்தா மோந்து பாத்தே சொல்லியிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஜனவரியில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆக மனசு ஒப்பவில்லை, மடத்தை விட்டுத் திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும், அப்பாவுக்குத் தலைகுனிவு என்று எழுதியிருந்தாய். ஆமாம், மேளம் வைத்து, பேனர் கட்டித்தான் உன்னை அனுப்பினோம். முனியம்மாள் அக்காகூட, “உன் பொண்ணு எப்ப சிஸ்டர் ஆவும்? ஃபங்ஷனுக்குப் புதுப்புடவ எடுக்கணும்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எடுக்கட்டுமே. வேறு எதற்காவது கட்டாமலா போவாள்? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இந்த மழையில் எவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?

கடிதம் முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டப் போனார். எனக்கு வந்ததே கோபம்! பெண் அங்கே தவிக்கிறாள், வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் குடைகூட எடுக்காமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். தொப்பலாக நனைந்து திரும்பினார். கையில் இரண்டு கம்பளிப் போர்வை. பச்சை நிறம், இரண்டும் ஒரே மாதிரி. இருக்கிற நிலைமையில் இரண்டு எதற்கு என்று கத்தினேன். “ஒன்னு பார்சல் போடு. ஒன்னு அது பொட்டி மேல வெய்” என்றார். நான் பார்சலுக்குச் சாக்குத்துணி தேடினேன்.

ஒன்று இத்துடன் வருகிறது. மற்றதை நீ விட்டுப்போன துணிப்பெட்டியின் மேல் மடித்து வைத்திருக்கிறேன். நேற்று என்னிடம் காட்டி, வறுக்காததுதானா என்று கேட்டுக்கொண்டு, மறுபடியும் கேப்பை போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வராவிட்டால் மூன்று ராஜாக்கள் திருநாளுக்காவது வரட்டும் என்கிறார்.

அங்கேயே இருக்க மனசு வந்தால் சந்தோஷமாக இரு. உனக்காக ஜெபமாலை சொல்கிறேன். வர மனசு வந்தால் எந்த ரயில் என்று மட்டும் எழுது. வடக்கத்தி ரயில் இங்கே நிற்காவிட்டால் என்ன, அப்பா விழுப்புரம் ஸ்டேஷனில் நிற்பார். பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே வா. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

மாதா உன்னைக் காக்கட்டும். போர்வையைப் புதுசு கெடாமல் மடித்து வைக்காதே, கண்ணு. போர்த்திக்கொள்.

உன் அம்மா,
பொன்னி