ஒரே கிடையில் அடைக்காதது

அன்புள்ள அத்தானுக்கு,

புனேயிலிருந்து தீபலட்சுமி. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் மழையில் என் பை ஊறிப்போனது. லேப்டாப்பும், நகல் எடுத்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் அதே பையில்தான் இருந்தன. இரண்டும் போய்விட்டன. பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அவள் முதன்முதலாக நடந்த வீடியோ, எல்லாம் அதில்தான். ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பயப்படாதீர்கள், எல்லாம் கிடைத்துவிட்டது. இன்னொரு நகலைத் தோழி சுனிதா வீட்டில் கொடுத்து வைத்திருந்தேன். அது உங்கள் யோசனைதான். நம் ஆடுகளில் பாதியை ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கு நீங்கள் ஓட்டிப் போனபோது, "எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டேன். "ஏட்டி, எல்லாத்தையும் ஒரே கிடையில அடைச்சா, ஒரு சீக்கு வந்தா மொத்தமும் போயிரும்லா" என்றீர்கள். அந்த வருஷமே சீக்கு வந்தது. அங்கே விட்ட ஆடுகள்தான் பிழைத்தன.

"இதெல்லாம் யார் சொல்லித் தந்தது?" என்று சுனிதா கேட்டாள். "எங்க வீட்டுக்காரர்" என்று சொன்னபோது எனக்கு அவ்வளவு பெருமை.

கடலை மிட்டாய் அனுப்புங்கள். பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆடுகளைப் பிரித்தது சீக்குக்குப் பயந்து. நாம் மூன்று பேரும் எதற்குப் பயந்து இப்படி இரண்டு ஊரில் கிடக்கிறோம், அத்தான்?

தீபா