ஜிம்மியின் முதுகுக் கட்டி

அன்புள்ள மகனே,

ஜிம்மிக்கு வந்திருப்பது புற்றுநோய்தான். பெங்களூரு ஆய்வகத்து டாக்டர் மம்தா இன்று காலை போனில் உறுதிசெய்தார். கோலாரில் வெட்டியெடுத்த கட்டியின் மெல்லிய சீவலில் நீலச் சாயம் ஏற்றியதும், செல்களுக்குள் அந்த நோய்க்குரிய ஊதாத் துகள்கள் தெரிந்தனவாம்.

முதலில் காட்டிய ஆண்டர்சன்பேட்டை மிருக டாக்டர் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சயனைடு மண்ணுல புரள்ற நாய்க்கு இன்னா டெஸ்ட்டு? களிம்பு தடவுங்க, போங்க" என்றார். இந்த ஊரில், தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன அந்த சயனைடு கழிவு மண்மேட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் போதும், யாரும் எதையும் சோதிக்க வேண்டாம். உன் அம்மா இருமியபோதும் இதையேதான் சொன்னார்கள். கடைசிவரை சளியைக்கூடச் சோதிக்கவில்லை.

நீயும் "ஊசி போட்டு முடிச்சுடுங்கப்பா" என்கிறாய். அவள் வளர்த்த நாய்.

வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்ற அறிக்கை வெள்ளிக்கிழமை வரும். அதுவரை அந்த ஊசிப் பேச்சை எடுக்காதே.

உன் அப்பா