மத்தியானப் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்ட உன் சித்தி

புக்கோபா,
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கோக்குவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி பெலஜியாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், ஆடு இரண்டும் எங்களைவிடத் தெம்பாக இருக்கின்றன, நீயும் அந்த ரோட்டர்டாம் குளிரில் காதை மூடி, வயிறாரச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறோம். உன்னை ஏழு வயதிலிருந்து தோளில் சுமந்து வளர்த்தவன் என்ற உரிமையிலும், இந்த ஏரிக்கரை முழுவதற்கும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே உண்மை விளம்பி என்ற பதவியிலும் (ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான்) வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன், இனி வரப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்ப வேண்டாம்.

முதலில் வீட்டுச் செய்தி. மழை மூன்று வாரமாக நிற்கவில்லை, சமையலறைக் கூரை ஒழுகுகிறது, நான் ஏணியில் கால் வைத்தாலே உன் சித்தி கீழே நின்று என் ஆத்துமாவுக்குச் செபம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள், அதனால் ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்காக வறுத்து வைத்த வெட்டுக்கிளி டப்பாவை வாரம் ஒரு முறை திறந்து கெட்டுவிட்டதா என்று ருசி பார்க்கிறேன், இதுவரை கெடவில்லை, ஆனால் பாதி டப்பாதான் இருக்கிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது மகளே. பெலஜியாவுக்குப் பார்வை போய் இந்த ஜூலையோடு நாலு வருஷம், உப்பு எங்கே, வாசலில் யார், போனில் யார் என்ன அனுப்பினார்கள் என்று பகல் முழுக்கப் பதில் சொல்லி என் நாக்கு தேய்ந்து ஒரு விரல் நீளம் குறைந்துவிட்டது, கேட்டுக் கேட்டு அவளுக்கு என்னைவிட அலுப்பு. அதனால்தான் நம் ஊர்ப் பஸ் கம்பெனியின் இணையதளத்தை நீ சீராக்கிக் கொடுத்திருப்பதாகவும், கண் தெரியாதவர்களும் யாரையும் கேட்காமல் டிக்கெட் போடலாம் என்றும், சித்தியை வைத்துச் சோதித்துப் பார்க்கும்படியும் நீ எழுதியபோது அவள் அந்தக் கடிதத்தை என்னை மூன்று முறை வாசிக்கவைத்தாள். அவள் தங்கை, கன்னியாஸ்திரீ கொன்சொலாத்தா, துறவறத்துக்குப் போய் இருபத்தைந்து வருஷம் நிறைவதற்கு டொடோமாவில் சனிக்கிழமை திருவிழா, பலிபூசையில் முதல் பாட்டை அக்காதான் பாட வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். சரி, அந்தப் பயணத்துக்கு நானே டிக்கெட் போடுகிறேன் என்று இவள் போனை எடுத்து உட்கார்ந்தாள்.

நீ போட்ட நிபந்தனை நினைவிருக்கிறதா, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், உதவக் கூடாது, வாயே திறக்கக் கூடாது என்று. என்னை வாய் மூடச் சொல்வது ஏரியை வற்றச் சொல்வது மாதிரி, இருந்தாலும் மூடினேன், ஒரு நாள், இரண்டு நாள், மொத்தம் நாற்பது நாள் மூடினேன் என்று வைத்துக்கொள். முதல் பக்கத்தில் யாரோ ஒட்டகச்சிவிங்கிப் படங்களாக ஓடவிட்டிருக்கிறார்கள், போனிலுள்ள குரல் திரையில் இருப்பதை எல்லாம் படித்துச் சொல்லும் இல்லையா, அது படம், படம், படம் என்று நாலாயிரத்துப் பதினேழு தடவை சொன்னது, அந்தப் பக்கம் திறப்பதற்குள் நான் நட்ட வாழை குலை தள்ளிவிட்டது. இடம் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் காலாவதி என்கிறது, குரல் ஒவ்வொன்றாகச் சொல்லி இவள் விரல் ஒவ்வொன்றாகத் தேடிப் போவதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்து மறுபடி ஒட்டகச்சிவிங்கி. மூன்று தடவை இப்படி ஆயிற்று, மூன்று தடவையும் அவள் எரிச்சல்படாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள், என் மேல் காட்டாத பொறுமை அது. ஆனால் உன்னைப் பாராட்டியே ஆக வேண்டும், முன்பெல்லாம் இருக்கைகள் வெறும் பட்டன், பட்டன் என்றுதான் கேட்குமாம், இப்போது ஏழாவது வரிசை, ஜன்னலோரம், காலி என்று அழகாகச் சொன்னது. ஜன்னலோரத்தையே எடுத்தாள். கண்ணு தெரியாதவளுக்கு ஜன்னல் எதுக்கு என்று கேலி செய்தேன் (நாற்பது நாளில் அது ஒன்றுதான் பேசினேன்). காத்து எனக்கும்தான் அடிக்கும் என்றாள். டிக்கெட் போட்டு முடித்ததாகக் குரல் சொன்னதும் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, புதுக் காங்காத் துணி கட்டி, தங்கைக்கு வாழைக்காய், சுட்ட மீன், மெல்லுவதற்குக் காப்பிக்கொட்டை எல்லாம் கூடையில் அடுக்கி, மத்தியானப் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் நொவாட்டஸ் எங்களையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தப் பஸ்ஸும்மா, டொடோமா வண்டி விடிகாலையிலேயே போயாச்சே, மத்தியான வண்டி விடப்போறதா ஊரெல்லாம் பேச்சு மட்டும்தான், வண்டி இன்னும் பொறக்கவே இல்ல என்றான். டொடோமாவுக்கு நாளுக்கு அது ஒன்றுதான். நான் உடனே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பஸ்ஸைத் துரத்தினேன், பிஹராமுலோ வரைக்கும் ஒரே மூச்சு, வழியில் ஒரு சிறுத்தை போட்டிக்கு வந்து பாதியில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டது. பெலஜியா மட்டும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நானே போட்டேன். ஆறு மணின்னு என் காதால கேட்டேன்" என்றாள்.

என்ன நடந்தது என்று உனக்குப் புரிந்திருக்கும், அங்கே பத்து வருஷம் இருந்து மறந்துவிட்டிருந்தால் சொல்கிறேன். நாம் விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுகிறோம், விடிகிற நேரம் பன்னிரண்டு, சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி, உச்சிக்கு வந்தால் ஆறு. போனில் விடிகாலை வண்டிக்கு பூஜ்யம் ஆறு என்று எழுதியிருந்தால் கண்ணால் பார்க்கிற எவரும் அதை மனசுக்குள் பன்னிரண்டு என்று மாற்றிக்கொள்வார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மாற்றும். ஆனால் நம் மொழியில் ஒரு குரல் காதோரம் வந்து ஆறு மணி என்று சொன்னால் யார் மாற்றுவார்கள், உச்சிவெயில் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நிலையத்தில் நொவாட்டஸ் சொன்னான், போன வாரமும் கண் தெரியாத வாத்தியார் ஒருத்தர் மத்தியானம் வந்து சண்டை போட்டார் பெரியவரே, அவரு பெட்டியோட வந்தாரு, நீங்க கூடையோட வந்திருக்கீங்க, அவ்வளவுதான் வித்தியாசம் என்று. சூரியன் உச்சியைத் தாண்டி நிழல் கிழக்கே சாயும்வரை அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போகலாம் என்றாள். அடுத்த நாள் வண்டியில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, எதுக்கு, எச்சத் தட்டு கழுவவா என்றாள்.

சனிக்கிழமை காலையில், அங்கே பூசை நடக்கிற நேரத்தில், போன் தானாகவே பேசியது, உங்கள் டொடோமா பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. பெலஜியா வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. ஜன்னலோரக் காத்து நல்லா இருந்துச்சுன்னு போட்டுவிடுங்க என்றாள். அன்றிலிருந்து அவள் போனைத் தொடவில்லை. மணி அடித்தால் நீங்களே பாருங்க என்கிறாள், தங்கையோடு பேசுவதற்குக்கூட நான் எடுத்துக் காதில் வைக்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்காவது வா என்று கொன்சொலாத்தா கூப்பிட்டிருக்கிறாள், பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள் இவள்.

ஆகவே மகளே, குரலுக்கு நம் கணக்கைச் சொல்லிக்கொடு, ஆறு என்று மொட்டையாகச் சொல்லாமல் விடிகாலை பன்னிரண்டு என்று சொல்லட்டும், ஐந்து நிமிஷத்தை அரை மணி ஆக்கு, ஒட்டகச்சிவிங்கிகளைக் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடு. இதைப் பஸ் கம்பெனிக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சிறுத்தையை நான் அனுப்புகிறேன்.

மேலே எழுதியதில் முக்கால்வாசி புளுகு என்று உனக்குத் தெரியும். சிறுத்தை இல்லை, நான் பஸ் நிலைய வாசல் வரைகூட ஓடவில்லை, முட்டி விடாது. வண்டியைத் தவறவிட்டது நிஜம்தான், இன்னொரு சின்ன நிஜமும் இருக்கிறது, அதை இதுவரை எழுதவில்லை. நீ வாயைத் திறக்காதே என்றாய், நான் திறந்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அவள் போனை என் பக்கம் நீட்டி, மத்தியானம்தானே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க என்று கேட்டாள். நான் கிட்டே வைத்துப் பார்த்தேன், எட்ட வைத்துப் பார்த்தேன், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெள்ளைத் தரையில் சாம்பலைத் தூவினது மாதிரிதான் இருந்தது உன் எழுத்து. சரியா இருக்கு, மத்தியானம்தான் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதமாகவே என் பார்வை இப்படித்தான் இருக்கிறது, அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, இந்தக் கடிதத்தைத் தடித்த பேனாவில் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். உன் கடிதத்தை அவளுக்கு மூன்று முறை வாசித்ததுகூட, பக்கத்து வீட்டுக்காரரை முதலில் வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டுதான். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நானே அவளிடம் சொல்லிவிட வேண்டும், தினமும் காப்பி குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன், குடித்து முடிந்துவிடுகிறது.

ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், நல்ல கம்பளிக் காலுறை வாங்கிக்கொள். போனில் வரும் அந்தச் சாம்பல் எழுத்துகளை ஈஸ்டருக்குள் கறுப்பாக்கிவிடு, அவள் மறுபடி கேட்டால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் சித்தப்பா,
தியோனஸ்ட் க்யாருசி